கேமராவுக்கு அந்தப் பக்கம்

கீழ்த்தளத்தில் மாவு மில். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கே யாரோ மிளகாய் அரைக்கக் கொடுத்திருந்தார்கள். சாலிகிராமத்தின் அந்தக் குறுகலான படிக்கட்டில் முதல் மாடி வரை தும்மிக்கொண்டே ஏறினேன். இரண்டாம் மாடிக் கதவைப் பாதி திறந்து பிடித்தபடி அக்கா மகன் நின்றிருந்தான். “பாக்கித் தும்மலையும் வெளியிலயே முடிச்சிட்டு வாங்க மாமா. உள்ள லைட் செட் பண்ணிட்டிருக்காங்க.”

வாரத்தில் ஐந்து நாள் சிறுசேரியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவன் அவன். ஆறாம் நாள் தூங்குவான். ஏழாம் நாள் கேமரா. அன்றைக்கு அங்கே ஒருநாள் போர்ட்ரெய்ட் பயிற்சி. எட்டுப் பேர், தலைக்கு 2,500 ரூபாய். வாட்ஸப்பில் வந்த அறிவிப்பை எனக்கும் அனுப்பியிருந்தான். விளக்குகள், லென்ஸ் வாடகை, மதியச் சாப்பாடு, மாடல் இருவர் என்று அதே வரிசையில் போட்டிருந்தது. சாப்பாட்டுக்கு அப்புறம்தான் மாடல். அந்த வரிசையைப் பார்த்துத்தான் ‘நானும் வரட்டுமா’ என்று கேட்டேன்.

கல்யாண மண்டபத்து மணமகள் அறை அளவுக்கு ஓர் அறை. ஒரு சுவர் முழுக்கச் சாம்பல் நிறக் காகிதச் சுருள் மேலிருந்து தரை வரை இறங்கி, தரையிலும் நாலடி ஓடியது. அதன் மேல் ஒரு முக்காலி. இடது பக்கம் ஆளுயரத்துக்கு வெள்ளைத் துணி போர்த்திய சாஃப்ட்பாக்ஸ், வலது பக்கம் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்க ஒரு தெர்மாகோல் அட்டை. பயிற்சி கொடுப்பவர் முப்பது வருடம் கல்யாண வீடுகளில் படமெடுத்தவர். எதையும் இரண்டாம் முறை சொல்லாத மனிதர்.

“சார், லைட் செட் பண்ற வரைக்கும் நீங்க ஒரு அஞ்சு நிமிஷம் உட்காருறீங்களா?” என்றார் என்னைப் பார்த்து.

உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும்தான் எனக்கு இரண்டு கைகள் இருப்பது தெரிந்தது. அதுவரை அவை எங்கே இருந்தன, என்ன செய்துகொண்டிருந்தன என்று நினைவே இல்லை. மடியில் வைத்தால் பரீட்சை எழுத வந்தவனைப் போல இருந்தது; கட்டிக்கொண்டால் வட்டிக்கடைக்காரரைப் போல. “தாடையை முன்னால கொண்டு வாங்க சார். ஆமை தலையை நீட்டுதுல்ல, அப்படி. இப்பக் கொஞ்சம் கீழே.” கழுத்து வலித்தது. நிச்சயம் கேலிக்கூத்தாக இருக்கும் என்று நினைத்தேன். லேப்டாப் திரையில் பார்த்தால், பத்து வருடமாக என்னோடு இருக்கும் இரட்டைத் தாடையைக் காணோம். மூக்குக் கண்ணாடியில் விளக்கு வெள்ளைக் கட்டமாகத் தெரிந்தது. காதுப் பக்கத்துக் கம்பியை ஒரு விரற்கடை மேலே தூக்கச் சொன்னார், போய்விட்டது.

கண்ணுக்கு மட்டும் அவரிடம் வைத்தியம் இல்லை. யாரோ கைமாற்றுக் கேட்டு எதிரில் வந்து நிற்பதைப் போலவே எல்லாப் படத்திலும் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கல்யாண ஆல்பத்திலும் இதே கதைதான். பாதிப் படத்தில் கண் மூடியிருக்கிறேன். அப்போது எடுத்தவர், “மாப்பிள்ளைக்கு முகம் ஒத்துழைக்கல” என்று சொல்லிவிட்டுப் போனார். முப்பது வருடமாக அதை நம்பியும் வந்தேன். ஒத்துழைப்பது என்பது கற்றுக்கொண்டு செய்கிற ஒரு வேலை என்பதைக் கொஞ்ச நேரத்தில் பார்த்தேன்.

பத்து மணிக்கு மாடல் பெண் வந்தார். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். தோளில் பெரிய பை. மூன்று ரவிக்கை, ஒரு டப்பா ஊக்கு, முகத்து எண்ணெயை ஒற்றி எடுக்கும் காகிதம் எல்லாம் அதற்குள் இருந்தன. வந்ததும் கண்ணாடியைத் தேடுவார் என்று நினைத்தேன். அவர் முதலில் பார்த்தது விளக்கை. அது எந்தப் பக்கம், எவ்வளவு உயரம் என்று பார்த்துவிட்டு, “சார், க்ளோஸா, மிட்டா?” என்று கேட்டார். முகம் மட்டும் என்றால் கைக்கு வேலை இல்லை. இடுப்பு வரை என்றால் கை எங்கே போகும் என்று முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லையே என்று என் இரண்டு கைகளும் என்னைப் பார்த்தன.

விளக்கை மின்ன வைக்கும் ட்ரிக்கர் ஒன்றுதான் இருந்தது. அது எட்டுக் கேமராவுக்கும் கை மாறியது, ஆளுக்குப் பத்து நிமிடம். அதாவது எண்பது நிமிடத்தில் அந்தப் பெண்ணுக்கு எட்டு முதலாளிகள்.

சுவரோரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நான் கேமராக்காரர்களை விட்டுவிட்டு அவரை மட்டும் கவனித்தேன். விளக்கு ஒருமுறை மின்னி அணைந்ததும் மறுபடி சார்ஜ் ஏறி ‘பீப்’ என்று ஒரு சத்தம் கொடுக்கிறது. அந்தச் சத்தம் வந்ததும் அவர் முகத்தை ஒரு நெல்லளவு நகர்த்துவார். அவ்வளவுதான். அடுத்த பீப்புக்கு இன்னொரு நெல்லளவு. பத்துப் படம் தாண்டினால், இடது தோளைப் பார்த்த முகம் நேராக வந்திருக்கும். நடுவில் எந்த இடத்திலும் வெட்டு விழுந்ததாகத் தெரியாது. கண் சிமிட்டலை மின்னலுக்கு அடுத்த கணத்தில் வைத்துக்கொள்கிறார். கன்னத்தருகே கையைக் கொண்டுபோகும்போது புறங்கை கேமராவுக்குத் தெரியாமல் சுண்டுவிரல் ஓரத்தைக் காட்டுகிறார். புறங்கை அகலம்; முகத்துப் பக்கத்தில் வந்தால் முகத்தோடு போட்டி போடும். விரல் கன்னத்தைத் தொடுகிற மாதிரி இருக்கும், ஆனால் தொடாது. தொட்டால் சதை அமுங்கும்.

மூன்றாவதாக வந்த பையன் விலை உயர்ந்த கேமரா வைத்திருந்தான். ஒவ்வொரு முறை அழுத்தியதும் பின்பக்கத் திரையைப் பார்த்து முகம் சுளித்தான். அவன் கோபம் அப்பர்ச்சர் மேல். அந்தப் பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? ஐந்தாவது சுளிப்பில் அவர் தோள் ஒரு அங்குலம் இறங்கியது. பத்து நிமிடத்தில் அவன் அவரிடம் பேசியது மொத்தம் மூன்று வார்த்தை: “லெஃப்ட்”, “ரைட்”, “ஓகே”.

ஆறாவது ஆள் வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா. கேமராவைக் கண்ணுக்கு உயர்த்தாமலே, “எந்த ஊரும்மா உனக்கு?” என்றார்.

“வந்தவாசிம்மா.”

“கோரைப் பாய்க்குப் பேர் போன ஊராச்சே.”

“எங்க ஆயா பாய் நெய்வாங்க. வீடு முழுக்கக் கோரை வாசம்தான் இருக்கும்.”

அந்த முகத்தில் அதுவரை இல்லாத ஒன்று வந்தது. அந்த அம்மா மூன்றே முறை அழுத்திவிட்டு ட்ரிக்கரைக் கழற்றி அடுத்தவரிடம் கொடுத்துவிட்டார். பாக்கி ஏழு நிமிடம் அவருக்குத் தேவைப்படவில்லை. திரையில் அந்தப் படம் வந்தபோது முகம் சுளித்த பையன் கூட எழுந்து வந்து பார்த்தான்.

இடைவேளையில் அந்தப் பெண்ணிடம் கேட்டேன்: “அந்தச் சிரிப்பு நிஜமா, தொழிலா?”

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “அவங்க கேட்டதும் வந்தது நிஜம் சார். மூணாவது போட்டோ வரைக்கும் அதைக் கலையாம பிடிச்சு வெச்சிருந்தேன் பாருங்க, அது தொழில்.”

பெயரைக் கேட்டேன். சொன்னார். உடனே, “எழுதிடாதீங்க. நான் பார்லர்ல வேலை பார்க்கிறதாத்தான் வீட்ல தெரியும்” என்றார்.

டீ வந்தது. வழக்கமாக எல்லாப் பயிற்சியிலும் சொல்லப்படும் சர்ச்சில் கதையைப் பயிற்சியாளரும் சொன்னார். 1941 டிசம்பர் 30, ஒட்டாவாவில் கனடா நாடாளுமன்றக் கட்டடம். யூசுஃப் கார்ஷ் என்ற புகைப்படக்காரருக்குக் கிடைத்தது சில நிமிடங்கள்தான். சர்ச்சில் வாயில் சுருட்டு. மரியாதையாகக் கேட்டும் எடுக்கவில்லை. கார்ஷ் நேராகப் போய் சுருட்டைப் பிடுங்கிவிட்டுத் திரும்பி வந்து பொத்தானை அழுத்தினார். சீறும் அந்த முகம்தான் உலகப் புகழ் பெற்றது. “புகைப்படக்காரனுக்குத் தைரியம் வேணும்” என்று முடித்தார்.

மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் பன்னைச் சாயாவில் நனைத்துத் தின்றுகொண்டிருந்த பெரியவர் தலையைத் தூக்கினார். எண்பதுக்குப் பக்கத்தில் வயது. மார்பு வரை வெள்ளைத் தாடி. இரண்டாவது மாடல் அவர்தான்.

“சுருட்டைப் பிடுங்கினா யாருக்கும்தான் கோவம் வரும் தம்பி. அதுல என்ன வித்தை? ஒரு அறை விடாம, கோவத்தை முகத்துலயே வெச்சுக்கிட்டு அசையாம நின்னாரே, அந்த ஆளுதான் ஆர்ட்டிஸ்ட்டு.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது வேடிக்கைப் பேச்சாகப் படவில்லை. அதே சந்திப்பில் சர்ச்சில் புன்னகையோடு இருக்கும் இன்னொரு படமும் எடுக்கப்பட்டது. அடுத்த சில கணங்களில் எடுத்ததுதான். சுருட்டை மட்டும் காரணமாகச் சொன்னால் அந்தப் புன்னகைக்கு யார் கணக்குச் சொல்வது?

பெரியவர் நாற்பது வருடம் துணை நடிகராக இருந்தவர். கல்யாணக் கூட்டத்தில் ஒருவர், கோர்ட்டில் கடைசி பெஞ்சில் ஒருவர், சவ ஊர்வலத்தில் ஒருவர். வசனம் பேசியது இரண்டு படத்தில். “அந்தக் காலத்து லைட்டெல்லாம் சுடும் சார். டூ கே, ஃபைவ் கே. கன்னத்துல எந்தப் பக்கம் சூடு படுதோ அதுதான் நம்ம பக்கம். முகம் தானா அங்க போயிடும். இதெல்லாம் சுடவே மாட்டேங்குது” என்று சாஃப்ட்பாக்ஸைக் காட்டினார். சுடாவிட்டாலும் முக்காலியில் உட்கார்ந்ததும் அவர் தாடை சரியான கோணத்துக்குத் தானாகப் போய் நின்றது. கருவிழியில் சின்ன வெள்ளைக் கட்டம் விழுந்தது. உயிருள்ள கண் என்று நாம் படத்தில் பார்ப்பது பாதி அந்தக் கட்டம்தான். அதற்காக என்னைப் பயிற்சியாளர் மூன்று முறை திருப்பியிருந்தார்.

பிறகு நடந்ததைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. யாரோ சிவப்புத் துண்டு ஒன்றை எடுத்து அவர் தலையில் முண்டாசு கட்டினார்கள். சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். கையில் பற்றவைக்காத பீடி. “கிராமத்து விவசாயி லுக் தாத்தா” என்றார்கள். பெரியவர் பிறந்து வளர்ந்தது புரசைவாக்கம். ஏர்க்கலப்பையைத் தொட்டது ஒரு பாட்டுக் காட்சியில். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை.

விலை உயர்ந்த கேமராப் பையன் குனிந்து பார்த்துவிட்டு, “தாத்தா, பல் செட்டைக் கழட்டிடுங்களேன். கன்னம் நல்லா ஒட்டினாத்தான் டெக்ஸ்சர் வரும்” என்றான்.

அவர் ஒரு கணம் அவனைப் பார்த்தார். அப்புறம் திரும்பிக்கொண்டு கழற்றினார். கைக்குட்டையில் சுற்றி, கழற்றிப் போட்டிருந்த சட்டையின் பையில் பத்திரமாக வைத்தார். திரும்பியபோது பத்து வயது கூடியிருந்தது. எட்டுக் கேமராவும் உற்சாகமாகிவிட்டது. யாரும் இப்போது பத்து நிமிடக் கணக்கைப் பார்க்கவில்லை. இந்த மாதிரி முகம் போட்டிகளில் நிற்கும். சுருக்கங்களுக்கு நடுவர்களிடம் என்றைக்கும் மவுசு உண்டு.

புகைப்படக்கலை வந்த நாளிலிருந்தே மாடலின் உழைப்பு என்பது பொறுமைதான். 1839-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ராபர்ட் கார்னீலியஸ் என்ற இளைஞர் தன்னையே எடுத்துக்கொண்ட படம், உலகில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய உருவப்படங்களில் ஒன்று. அதில் எடுத்தவரும் இருந்தவரும் ஒருவரே என்பதால் பெயர் தொலையவில்லை. பின்னால் வந்த ஸ்டூடியோக்களில், நீண்ட எக்ஸ்போஷரில் தலை ஆடாமலிருக்க இரும்புக் கவை ஒன்றைக் கழுத்துக்குப் பின்னால் பொருத்துவார்கள். தாத்தா பாட்டி காலத்துப் படங்களில் எல்லோரும் விறைத்து நிற்பதற்குக் காரணம் கண்டிப்பு மட்டும் இல்லை.

கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரனிடம் இந்தப் பெயர் விஷயத்தைத் துல்லியமாகப் பார்க்கலாம். நாற்பத்தெட்டு வயதில் கேமராவைக் கையில் எடுத்து, இங்கிலாந்தின் வைட் தீவில் டெனிசன், டார்வின் என்று பெரிய மனிதர்களை எல்லாம் உட்காரவைத்தார். அவருடைய மடோனா (அன்னை மரி) படங்கள் பலவற்றில் இருப்பவர் வீட்டு வேலைக்காரப் பெண் மேரி ஹில்லியர். வேலைக்காரி என்றாலும் பெயர் நமக்குத் தெரிகிறது. 1875-இல் கேமரன் இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். களுத்துறையில் வீட்டு ஆட்களையும் தோட்டத் தொழிலாளர்களையும் எடுத்தார். தமிழர்களும் அவர்களில் உண்டு. 1879-இல் இறந்து பொகவந்தலாவையில் புதைக்கப்பட்டார். அவருடைய இலங்கைப் படங்கள் சிலவே மிஞ்சியிருக்கின்றன. ஓவியம் தீட்ட வந்து அவர் வீட்டில் தங்கிய மேரியன் நார்த் என்ற ஆங்கிலப் பெண்மணியின் படத்துக்குப் பெயர் இருக்கிறது. மற்றவற்றுக்கு ‘களுத்துறைக் குடியானவர்கள்’ என்பதைப் போன்ற தலைப்புத்தான். அதே கேமரா, அதே கைகள். உட்கார்ந்தவர்கள் காட்டிய பொறுமையும் குறைவில்லை.

இது பழங்கதை என்று தள்ளவும் முடியாது. பச்சைக் கண் ஆப்கன் சிறுமியின் படத்தை ஸ்டீவ் மெக்கரி 1984-இல் பெஷாவருக்கு அருகில் ஓர் அகதி முகாமில் எடுத்தார். 1985 ஜூன் ‘நேஷனல் ஜியாக்ரஃபிக்’ அட்டையில் அது வந்தது. அந்தச் சிறுமியின் பெயர் ஷர்பத் குலா என்று உலகத்துக்குத் தெரிந்தது 2002-இல், அவரைத் தேடிக் கண்டுபிடித்த பிறகு. பிற்பாடு 2016-இல் போலி அடையாள அட்டை வைத்திருந்ததாகப் பாகிஸ்தானில் கைது செய்யப்பட்டார். உலகமே அறிந்த முகத்துக்கு ஒரு அட்டையில் ஒட்டுகிற படத்தால் வந்த வினை.

மூன்று மணிக்குப் பயிற்சி முடிந்தது. இரண்டு மாடல்களும் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு பக்கம். படங்களைப் போட்டிக்கு அனுப்பலாம், கண்காட்சியில் வைக்கலாம், விற்கலாம் என்று இருந்தது. பெண் முழுவதையும் படித்தார். விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம் என்ற வரியைப் பேனாவால் அடித்துவிட்டுக் கையெழுத்திட்டார். பயிற்சியாளரும் மறுக்கவில்லை. பெரியவர் படிக்காமலே போட்டார்.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இதில் ஒரு வேடிக்கை வைத்திருக்கிறது. ஒருவர் காசு கொடுத்துத் தனக்காகப் படமெடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை அந்தப் படத்தின் முதல் உரிமையாளர் காசு கொடுத்தவரே. கல்யாண ஆல்பம் அந்தக் கணக்கில் நம்முடையது. காசு வாங்கிக்கொண்டு உட்காரும் மாடலுக்கு அப்படி எதுவும் இல்லை. அக்கா மகனின் கார்டில் மட்டும் அன்றைக்கு 412 படம். அவற்றில் எதிலும் அந்த இருவருக்கும் உரிமை கிடையாது. இது தவறு என்று நான் வாதாட வரவில்லை. கூலி கொடுத்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள். படத்துக்குக் கீழே எடுத்தவர் பெயரோடு, இருப்பவர் ஒப்புக்கொண்டால் அவர் பெயரையும் போடுவதற்கு என்ன செலவாகும் என்று மட்டும் கேட்கிறேன்.

காலையில் பெரியவர் ஒரு பையனிடம், “தம்பி, முதியோர் பென்ஷனுக்கு ஒரு பாஸ்போர்ட் சைஸ் வேணும். எடுத்துத் தர முடியுமா?” என்று கேட்டதைக் கவனித்திருந்தேன். “ஷ்யூர் தாத்தா, வாட்ஸப் பண்றேன்” என்றான் அவன். கிளம்பும்போது அக்கா மகனிடம் எல்லோருடைய படங்களையும் லேப்டாப்பில் தேடிப் பார்க்கச் சொன்னேன். முண்டாசு, பீடி, பக்கவாட்டுப் பார்வை, பாதி முகம் இருட்டு. நேராகப் பார்க்கும் படம், வெள்ளைப் பின்னணியில், சட்டையோடு, ஒன்று கூட இல்லை. அதற்குள் விளக்குகளைப் பிரித்துப் பெட்டியில் வைத்துவிட்டார்கள்.

“விடுங்க சார், கீழ ஒரு கடை இருக்கு” என்றார் பெரியவர்.

மாவு மில்லுக்கு நாலு கடை தள்ளி ஒரு ஜெராக்ஸ் கடை. உள்ளே திரைச்சீலைக்குப் பின்னால் வெள்ளைச் சுவரும் ஒரு ஸ்டூலும். அவர் கைக்குட்டையைப் பிரித்துப் பல் செட்டை மாட்டிக்கொண்டார். தாடியைச் சீவினார். கழுத்துப் பொத்தானைப் போட்டார். ஸ்டூலில் உட்கார்ந்ததும், யாரும் சொல்லாமலே முகம் ட்யூப் லைட் இருக்கும் பக்கம் முக்கால்வாசி திரும்பி, தாடை முன்னால் வந்து நின்றது.

“தாத்தா, நேராப் பாருங்க. ரெண்டு காதும் தெரியணும்” என்றான் கடைப் பையன்.

நேராகப் பார்த்தார். ஒரே க்ளிக். எட்டுக் காப்பி, எண்பது ரூபாய். நான் பையில் கை விட்டேன்; அவர் விடவில்லை. அன்றைய கூலி இருந்த கவரைக் கிழித்து ஒரு நூறு ரூபாய்த் தாளை எடுத்துக் கொடுத்து, பாக்கி இருபதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சட்டப்படி அந்தப் படத்தின் முதல் உரிமையாளர் அவர்தான்.